ஏழாவது வளைவில் காணாமல்போன இழுவை

தவமணியின் பிக்கப் வண்டி, மேலூத்துக்கு ஏறும் மலைப்பாதையின் ஏழாவது வளைவில் மூச்சுத் திணறி, உறுமி, இழுவை செத்து நின்ற அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு, மலைக்குக் கீழே பதினாறு கிலோமீட்டர் தள்ளி எங்கள் கரட்டுப்பட்டியில், நாலு வருஷமாகக் கயிற்றுக் கட்டிலைவிட்டுத் தேவையில்லாமல் இறங்காத அவள் புருஷன் பரமன் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, தான் படுத்திருந்த கட்டிலை அதன்மேல் தூங்கிக்கொண்டிருந்த நாயோடு சேர்த்து ஒற்றைக் கையால் தூக்கி, வெயிலிலிருந்து நிழலுக்குக் கொண்டுபோய் வைத்தான். நாய் விழிக்கவில்லை. எதிர்வீட்டு வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள், "இன்னைக்காச்சும் எந்திரிச்சானே" என்றார்கள், மிச்சப் பாத்திரத்தைத் தேய்த்தார்கள்.

ஆச்சரியப்படுவதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. எழுந்தவன் சும்மா நிற்காமல், வாசலில் கிடந்த ஆட்டுக்கல்லைக் கொல்லைக்குத் தூக்கிப்போனான், மூன்று மாதமாகக் கோடரிக்குக் காத்திருந்த மரக்கட்டையைக் கோடரி இல்லாமலே பிளந்தான், பக்கத்து வீட்டில் சாய்ந்திருந்த வைக்கோற்படப்பை முதுகு கொடுத்து நிமிர்த்தினான், பிறகு இன்னும் என்ன இருக்கிறது என்று தெருவில் இறங்கி, எதிரே வந்த மாட்டுவண்டியிலிருந்து இரண்டு நெல் மூட்டைகளை எடுத்துத் தோளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு நடந்தவன், சரியாக ஒன்பது பத்துக்கு நடுத்தெருவில், கைகால் துவண்டு, மூட்டைகளோடு உட்கார்ந்துவிட்டான். நாலு பேர் சேர்ந்து அவனைக் கட்டிலுக்குக் கொண்டுவந்து போட்டோம். "என்னண்ணே ஆச்சு?" என்று வார்டு மெம்பர் தங்கமாயன் கேட்டான். "வந்துச்சு, போயிருச்சு" என்றான் பரமன். அதற்குமேல் அவனுக்கும் தெரியவில்லை, கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை.

பரமனைச் சோம்பேறி என்று சொன்னவர்கள் எங்கள் ஊரில் உண்டு, நானும் சொல்லியிருக்கிறேன், ஆனால் அது உண்மையில்லை. எட்டு வருஷம் ஒரு சாயப்பட்டறையில் வெந்நீரிலும் நீராவியிலும் நின்றுவிட்டு, கையில் ஊதாவும் காலில் பச்சையுமாகத் திரும்பி வந்தவன், வந்த அன்றைக்கு, "கொஞ்சம் படுத்துக்கிறேன்" என்று படுத்தான். அந்தக் கொஞ்சம்தான் நாலு வருஷமாக நீண்டுவிட்டது. சாப்பிடுவான், சிரிப்பான், தெருவில் போகிறவர்களை விசாரிப்பான், யார் வீட்டு ஆடு எந்தப் பக்கம் போனது என்று சரியாகச் சொல்லுவான், எழுந்து நாலு எட்டு வைத்தால் மட்டும் உடம்பு உட்காரச் சொல்லும். பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், மார்பில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், கடைசியில் டாக்டர், "மோட்டார் நல்லா இருக்கும்மா, கரண்டுதான் வரல" என்று தவமணியிடம் சொல்லி, சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பினார்.

தவமணி அழுதுகொண்டு உட்காரும் ரகம் இல்லை. டிரைவிங் பழகினாள், நகையை வைத்துப் பழைய டீசல் பிக்கப் ஒன்று வாங்கினாள், மேலூத்துப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கு முட்டையும் காய்கறியும் மேலே ஏற்றிப்போகிற வேலையைப் பிடித்தாள், திரும்பி வரும்போது மலையிலிருந்து சௌசௌவும் வாழைத்தாரும் ஏற்றிவந்தாள். ஏழு மணிக்கு எங்கள் ஊரில் அவள் ஹாரன் சத்தம் கேட்டால் பால் வாங்கப் போவோம். அவள் பிழைப்பு அந்த வண்டியில், அந்த வண்டியின் பிழைப்பு மலையில், மலையில் ஏற வேண்டுமென்றால் இழுவை வேண்டும், அந்த இழுவைதான் ஐப்பசி மாதத்திலிருந்து ஏழாவது வளைவில் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

கோளாறு என்றால் ஒழுங்கான கோளாறாக இருக்க வேண்டும், இது அப்படி இல்லை. ஆறு வளைவுவரை வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி போகும். ஏழாவதில் திணறும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இஞ்சின் முனகுமே தவிர ஏறாது. ஓரங்கட்டி அரை மணி நேரம் விட்டால், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகி, இன்னும் மூன்று வளைவு ஏறி, மறுபடியும் முனகும். ஒன்பதரைக்குப் போய்ச் சேர வேண்டிய முட்டை பதினொன்றரைக்குப் போய்ச் சேரும். அங்கே நாற்பத்திமூன்று பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள்.

வத்தலக்குண்டு சாலையில் பட்டறை வைத்திருக்கும் அமல்ராஜிடம் வண்டி போனது. அமல்ராஜ் வேலையில் பிடிவாதக்காரன், ஒரு கோளாறு கண்டுபிடிபடாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. டீசல் ஃபில்டரை மாற்றினான். ஏர் லாக் எடுத்தான். டர்போவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, ஒரு முனையில் வாயை வைத்து ஊதி மறுமுனையில் கையை வைத்துப் பார்த்தான். பெடலுக்கு அடியில் இருக்கும் சென்சாரைத் துடைத்தான். கடைசியாக லேப்டாப்பைக் கொண்டுவந்து வண்டியோடு ஒயரால் இணைத்து, அரை மணி நேரம் பார்த்துவிட்டு மூடினான்.

"அக்கா, வண்டிக்கு ஒண்ணும் இல்ல. என் முன்னாடி சமத்தா ஓடுது."

"டாக்டரும் அவரைப் பத்தி இதையேதான் சொன்னாரு" என்றாள் தவமணி. "வீட்டுல ரெண்டு வச்சிருக்கேன், ரெண்டுக்கும் ஒண்ணும் இல்ல, ரெண்டும் நகர மாட்டேங்குது."

இதற்கிடையில் கீழே எங்கள் ஊரில் பரமன் தினமும் எட்டு நாற்பதுக்கு எழுந்துகொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமையும் பள்ளி விடுமுறை நாளும் மட்டும் எழவில்லை. இதை முதலில் கவனித்தவன் தங்கமாயன். காரணமும் அவனுக்குத்தான் முதலில் தெரிந்தது. ஏழாவது வளைவில் அவன் மச்சான் நெல்லிக்காயும் கொய்யாவும் விற்கிறான். ஒரு நாள் அவன் வேறு விஷயமாகப் போன் பண்ணி, பேச்சுவாக்கில், "பரமண்ணன் பொண்டாட்டி வண்டி இந்தா நின்னுருச்சு" என்று சொன்ன அதே நொடியில், தங்கமாயன் கண்ணெதிரே பரமன் கட்டிலிலிருந்து எழுந்தான். "இந்தா கிளம்பிருச்சு" என்று மச்சான் சொன்னபோது பரமன் உட்கார்ந்தான். வண்டியைவிட்டுப் போன இழுவை நேராகப் பரமனிடம் வருகிறது என்பது அன்றைக்கு ஊருக்குத் தெரிந்துபோனது, தெரிந்ததும் நாங்கள் செய்த முதல் காரியம் வரிசையில் நின்றது.

தங்கமாயன் ஒரு நோட்டு வாங்கினான். எட்டு நாற்பது முதல் ஒன்பது பத்துவரை ஒரு பாகம், வண்டி மறுபடி நிற்கிற ஒன்பதே முக்கால் முதல் பத்தே கால்வரை இன்னொரு பாகம் என்று பிரித்து, யார் வீட்டு வேலை எப்போது என்று எழுதினான். மச்சான் போனில் "நின்னுருச்சு" என்றதும் இங்கே தங்கமாயன் விசில் ஊதுவான். குளத்துச் சேற்றில் ஆறு மாதமாகப் புதைந்து கிடந்த டிராக்டரைப் பரமன் காதைப் பிடித்துத் தூக்குவதுபோலத் தூக்கிக் கரையில் விட்டான். ஆழ்குழாய்க்குள் சிக்கியிருந்த மோட்டாரை முந்நூறு அடிக் குழாயோடு, கிணற்றில் வாளி சேந்துவதுபோலக் கைமாற்றிக் கைமாற்றி வெளியே இழுத்தான். அன்று சாயங்காலம் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது, எங்கள் பெண்கள் பரமனுக்குத் தனியாகக் கோழி அடித்தார்கள்.

பெட்டிக்கடைக்காரர் தன் கடையை நிழல் உள்ள இடத்துக்கு மாற்றித் தரச்சொல்லி வரிசையில் நின்றார். பரமன் கடையை உள்ளே இருந்த கடைக்காரரோடும், கொடுக்கல் வாங்கலில் இருந்த ஒரு வாடிக்கையாளரோடும் தூக்கிக்கொண்டு நடந்தான். அன்றைக்கு என்ன காரணமோ வண்டி ஐந்து நிமிடம் முன்னதாகவே கிளம்பிவிட்டது. கடை நடுரோட்டில் இறங்கியது. பஸ் சுற்றிப்போனது, சுற்றிப்போகிற பஸ்ஸிலிருந்து கை நீட்டி ஆட்கள் வெற்றிலை வாங்கினார்கள், வியாபாரம் இரண்டு மடங்கானது. மறுநாள் தங்கமாயன் கடையை நிழலுக்கு நகர்த்திவிடலாமா என்று கேட்டபோது, கடைக்காரர், "இருக்கட்டும் தம்பி, நடக்குறது நடக்கட்டும்" என்றார்.

வெட்கக்கேடான பகுதி இனிமேல்தான் வருகிறது, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். வண்டியில் பாரம் கூடினால் ஏழாவது வளைவுக்குப் பதில் ஐந்திலேயே நிற்கிறது, பரமனுக்கும் அரை மணி முக்கால் மணியாகிறது என்பதைக் கண்டுபிடித்தோம். கண்டுபிடித்ததும் மேலூத்தில் எங்களுக்கு இருந்த சொந்தங்கள்மேல் திடீரென்று பாசம் வந்தது. பத்து வருஷம் பேசாமல் இருந்த சித்தப்பாவுக்கு ஒரு மூட்டை பூசணிக்காய், எப்போதோ நிச்சயத்தில் சண்டை போட்ட சம்பந்திக்கு ஒரு அம்மிக்கல், ஒரு மனஸ்தாபமும் இல்லாதவர்களுக்கு இரும்புக் கட்டில். "போற வழிதானே மதினி" என்று தங்கமாயன் தினமும் ஏழு மணிக்கு வண்டியில் ஏற்றினான். மலைமேல் எங்களுக்கு இத்தனை உறவு இருப்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. தவமணி முகம் கோணாமல் எல்லாவற்றையும் கட்டி எடுத்துப்போனாள்.

அவளுக்கு இந்த விஷயத்தை யாரும் மறைக்கவில்லை. சொன்னோம். அவள் நம்பவில்லை. நம்புவதற்கு அவள் கண்ணால் பார்க்க வேண்டும், பார்ப்பதற்கு அவள் ஊரில் இருக்க வேண்டும், அவள் ஊரில் இருந்தால் வண்டி வளைவில் நிற்காது, வண்டி வளைவில் நிற்காவிட்டால் பரமன் எழமாட்டான். ஒரு நாள் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்து பார்த்தாள், அவன் கட்டிலில் இருந்தபடி, "என்ன தவம், இன்னைக்கு லீவா?" என்று கேட்டான். இன்னொரு நாள் வாசலிலேயே வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஒரு மணி நேரம் இஞ்சினை ஓடவிட்டாள். பாரமில்லாமல், ஏற்றமில்லாமல் இஞ்சின் குளுகுளுவென்று ஓடியது, பரமன் அந்தச் சத்தத்தில் நன்றாகத் தூங்கினான்.

மத்தியானம் அவள் திரும்பி வரும்போது ஆட்டுக்கல் இடம் மாறியிருக்கும், விறகு பிளந்திருக்கும், ஓடு மாற்றியிருக்கும், ஊரே அவன் வேலை செய்த அழகைப் பேசும், அவன் மட்டும் கட்டிலில் இருப்பான். எதிர்வீட்டுப் பெண், "மோட்டாரை இழுத்தாரு பாரு, அந்தத் தோளு இருக்கே தவமணி" என்று ஆரம்பித்து, தவமணியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அன்றைக்குத் தவமணிக்குக் கோபம்கூட வரவில்லை. பொறாமை வந்தது. கட்டின புருஷன் நிற்பதை ஊரில் நாயிலிருந்து எல்லாரும் பார்த்துவிட்டார்கள், நாலு வருஷமாக அதற்காக வேண்டிக்கொண்டவள் மட்டும் பார்க்கவில்லை.

மார்கழிக் கடைசியில் மேலூத்துப் பள்ளித் தலைமையாசிரியை லில்லி புஷ்பம் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நல்ல மனுஷி, ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவார்.

"தவமணி, உன்மேல எனக்குக் குறை இல்ல. ஆனா பிள்ளைங்க பன்னெண்டு மணிக்கு வெறுஞ்சோறு திங்குதுங்க. அடுத்த திங்கட்கிழமை பத்தரைக்குள்ள முட்டை வரணும். வரலேன்னா வேற வண்டிக்குச் சொல்லிடுவேன். மனசு கேக்காமதான் சொல்றேன்."

"வந்துரும் டீச்சர்" என்றாள் தவமணி. நேராக அமல்ராஜிடம் போனாள். "பட்டறையில பாத்தது போதும் தம்பி. நாளைக்கு என்கூட வா. அது எங்க சாகுதோ அங்க வச்சுப் பாரு."

மறுநாள் வெள்ளிக்கிழமை அமல்ராஜ் கூட வந்தான். ஏழாவது வளைவில் வண்டி திணறியது. அவன் இறங்கி, பானெட்டைத் திறக்கவில்லை, ஃபில்டரைத் தொடவில்லை, வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தான், காது கொடுத்துக் கேட்டான், பிறகு டீசல் டேங்க் மூடியில் கையை வைத்துத் திருகினான். மூடி இறுக்கமாக இருந்தது. பலம் கொடுத்துத் திறந்ததும், ரொம்ப நேரம் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தவன் மேலே வந்து மூச்சு இழுப்பதுபோல, டேங்க் காற்றை இழுத்துக்கொண்டது. அந்த உஸ்ஸென்ற சத்தத்தோடு இஞ்சின் கம்பீரமாக உறுமியது. அதே சமயம் கரட்டுப்பட்டியில், பஞ்சாயத்து அலுவலக இரும்பு பீரோவை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்த பரமன், படிக்கட்டின் பாதியில் உட்கார்ந்தான். பீரோ இன்றைக்கும் அந்தப் பாதிப் படியில்தான் இருக்கிறது, நாங்கள் பக்கவாட்டில் நுழைந்து போகப் பழகிவிட்டோம்.

அமல்ராஜ் மூடியைத் திருப்பிக் காட்டினான். மூடியில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், டீசல் குறையக் குறைய அது வழியாகத்தான் காற்று உள்ளே போக வேண்டும். அந்த ஓட்டையின்மேல் சந்தனமும் குங்குமமும் கல்லாய்க் காய்ந்து உட்கார்ந்திருந்தது. காற்று போக வழியில்லாமல் டேங்க் உள்ளுக்குள் இறுகி, டீசலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"யாருக்கா பொட்டு வச்சது?"

தவமணிக்கு ஆயுத பூஜை நினைவுக்கு வந்தது. வண்டியைக் கழுவி, மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, எல்லா வேலையும் அவளே செய்துவிட்டு, பொட்டாவது நீங்க வைங்க என்று வண்டியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். அவன் கைக்கு எட்டிய இடமெல்லாம் வைத்தான். கடைசியில் உள்ளங்கையில் ஒரு உருண்டை மிஞ்சியது. கை கழுவ எழ வேண்டுமே என்று, அதை அப்படியே டேங்க் மூடியில் அப்பி, கட்டை விரலால் அழுத்தி, "நல்லா இழுக்கணும் சாமி" என்று கும்பிட்டிருந்தான்.

"ஊக்கு இருந்தா குடுங்கக்கா, ஒரு குத்து குத்தினா போதும்" என்றான் அமல்ராஜ்.

அவள் தாலிக்கொடியில் மூன்று ஊக்குகள் தொங்கின. கை அதுவரைக்கும் போனது. பக்கத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்ற நெல்லிக்காய்க்காரன், "அங்க உக்காந்துட்டாராம், பாவம், படியிலயே" என்று உரக்கச் சொன்னது அவள் காதில் விழுந்தது. அவள் கையை இறக்கினாள். "மூடு தம்பி. திங்கட்கிழமை வரைக்கும் இருக்கட்டும்" என்றாள்.

செய்தி எங்களுக்குச் சாயங்காலமே வந்துவிட்டது. ஊர் கூடித் தவமணி வீட்டு வாசலில் நின்றோம். ஓட்டையைக் குத்த வேண்டாம், சுடுகாட்டுப் பாலம் சரிந்து கிடக்கிறது, மாரியம்மன் கோயில் மணியை ஏற்ற வேண்டும், இன்னும் நோட்டில் இருபத்தாறு பேர் இருக்கிறார்கள் என்று தங்கமாயன் வாசித்தான்.

"என் வேலை போயிருமே கொழுந்தனாரே, அது உங்க நோட்டுல இருக்கா?" என்றாள் தவமணி. தங்கமாயன் நோட்டை மூடினான். கூட்டம் கலைந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்களில் சிலருக்குப் புத்தி வேறு விதமாக வேலை செய்தது. பரமன் வைத்த சந்தனம் பரமனுக்கு இழுவை கொடுத்தால், நம் வீட்டுச் சோம்பேறி வைத்தால் நம் சோம்பேறிக்குக் கொடுக்காதா என்று யோசித்து, வேலைக்குப் போகாத மகனையும், படுத்தே கிடக்கும் மாமனாரையும் கூட்டிவந்து, டிராக்டர், மினி லாரி, இருசக்கர வண்டி என்று கண்ணில் பட்ட டேங்க் மூடியிலெல்லாம் சந்தனம் அப்பவைத்தோம். மத்தியானத்துக்குள் ஆறு வண்டிகள் ஆறு தெருவில் நின்றன. ஒருவனும் எழவில்லை. அந்த ஆறையும் நாங்கள்தான் பட்டறைவரை தள்ளிப்போனோம், அமல்ராஜ் வாசலிலேயே ஊக்கோடு நின்றுகொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் பரமன் மனைவியைக் கூப்பிட்டான். "தவம், அதைக் குத்தி விட்டுரு."

"விட்டா நீங்க?"

"நான் எப்பயும் போலத்தான். நாலு வருஷமா இருந்தாச்சு. வண்டி நின்னா நீ என்ன பண்ணுவ?"

"உங்களுக்கு எந்திரிக்கணும்னு ஆசை இல்லையா?"

பரமன் நாயைத் தடவிக்கொடுத்தான். "இருக்கு. தெனமும் எட்டு நாப்பதுக்கு எந்திரிச்ச உடனே மொதல்ல உன்னைத்தான் தேடுறேன். நீ இருக்க மாட்ட. அப்புறம் சும்மா நிக்க முடியாம எவன் வீட்டு மூட்டையையாவது தூக்கிக்கிட்டுத் திரியிறேன்."

தவமணி எழுந்து உள்ளே போனாள், அடுப்பைப் பற்றவைத்தாள், திரும்பி வந்து, "நாளைக்கு நீங்களும் வண்டியில வாங்க" என்றாள்.

திங்கட்கிழமை காலை நாங்கள் அவனைக் கட்டிலோடு தூக்கிப்போய் வண்டிக்குள் உட்காரவைத்தோம், எங்களுக்காக அவன் எத்தனையோ தூக்கியிருக்கிறான். யாரும் அன்று பூசணிக்காய் ஏற்றவில்லை. பின்னால் காய்கறிக் கூடைகளுக்கு நடுவில் முட்டை அட்டைகளைப் பிடித்துக்கொண்டு அமல்ராஜ் ஏறிக்கொண்டான், கோளாறு எப்படி முடிகிறது என்று பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. இனி நான் சொல்வதெல்லாம் அவன் சொன்னது.

ஆறு வளைவுவரை பரமன் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "மலை நல்லாருக்கு தவம்" என்று சொல்லிக்கொண்டு வந்தான். ஏழாவது வளைவில் இஞ்சின் முனகியது. தவமணி பிரேக்கை அழுத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். பரமனின் கழுத்து நிமிர்ந்தது, தோள் விரிந்தது, சாயம் போகாத ஊதா விரல்கள் கதவைத் திறந்தன. அவன் இறங்கினான், வேட்டியை மடித்துக் கட்டினான், வண்டியின் பின்பக்கம் போய்க் கையை வைத்தான்.

"பின்னாடி வேணாம்" என்றாள் தவமணி. "முன்னாடி வாங்க."

"தள்ளுறதுதான் புள்ள சுலபம்."

"எனக்கு நீங்க தெரியணும்."

அவன் முன்பக்கம் வந்தான். தார்ப்பாய் கட்டும் கயிற்றை எடுத்து, வண்டியின் முன் கொக்கியில் முடிந்து, மறுமுனையைத் தோளில் போட்டான். அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கப்போனாள்.

"காலை எடுத்துராதீங்கக்கா" என்று முட்டைகளுக்கு நடுவிலிருந்து அமல்ராஜ் கத்தினான். "இஞ்சின் தவிச்சாத்தான் அவருக்கு வரும். மிதிங்க."

அவள் மிதித்தாள். இஞ்சின் எவ்வளவு முனகியதோ அவ்வளவு கயிறு விறைத்தது, கயிறு எவ்வளவு விறைத்ததோ அவ்வளவு வண்டி நகர்ந்தது, ஏழு, எட்டு, ஒன்பது என்று வளைவுகள் கீழே போயின, எதிரே வந்த பஸ் ஒதுங்கி வழிவிட்டது, கண்டக்டர் படியில் நின்று கும்பிட்டார், நெல்லிக்காய்க்காரன் போனில், "நின்னுருச்சு, ஆனா போகுது, எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்று தங்கமாயனிடம் குழம்பினான், பதினான்காவது வளைவுவரை தவமணி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முன் கண்ணாடி வழியாக, வேர்த்து மின்னும் அந்த முதுகையும், எதிர்வீட்டுக்காரி சொன்ன அந்தத் தோளையும், கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே வந்தாள். நடுவில் வைப்பரைப் போட்டாள் என்று அமல்ராஜ் சொன்னான். மழை இல்லை, கண்ணாடியும் சுத்தமாகத்தான் இருந்தது.

பத்து மணி பத்து நிமிடத்துக்குப் பள்ளிக்கூட வாசலில் வண்டி நின்றது. நாற்பத்திமூன்று பிள்ளைகளும் ஜன்னலில் இருந்தார்கள். லில்லி புஷ்பம் டீச்சர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கயிற்றைப் பார்த்தார்.

"வண்டி ரிப்பேரா தவமணி?"

"இல்ல டீச்சர். நல்லா இழுக்குது."

முட்டை ஒன்றுகூட உடையவில்லை. இஞ்சினை நிறுத்தியதும் டேங்க் மெல்ல மெல்ல இறுக்கம் தளர, பரமனும் மெல்ல மெல்லத் தளர்ந்து பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்தான். இந்தத் தடவை மூட்டையோடு விழவில்லை, அவளே தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். அவனுக்கு மூச்சு வாங்கியது, ஆனால் சிரித்தான்.

"பாத்துட்டேல்ல?"

"பாத்தேன்."

"இனிக் குத்தி விட்டுரு தவம். தெனமும் இப்படிக் கயிறு கட்டிக்கிட்டு வர முடியுமா? ஊரு சிரிக்கும்."

தவமணி தாலிக்கொடியிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றினாள். பரமன் வண்டிப் பக்கம் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டான். அமல்ராஜ் டேங்க் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். அவள் அவனைத் தாண்டி வந்து, படியில் பரமனுக்குக் கீழே உட்கார்ந்து, அவன் வலது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன பண்ற?"

"ஒம்பதாவது வளைவுல முள்ளு ஏறுச்சு. அப்போ இருந்து நொண்டிக்கிட்டே இழுத்தீங்க, நான் பாத்துக்கிட்டேதான் வந்தேன். அசையாம இருங்க."

அவள் குனிந்து முள்ளை எடுத்தாள். பிறகு ஊக்கை மறுபடியும் தாலிக்கொடியிலேயே மாட்டிக்கொண்டு, அமல்ராஜிடம் டேங்கை அப்படியே மூடச் சொல்லிவிட்டு, நாளைக்குப் பரமனுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்க வேண்டும் என்றாள்.